ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம்

முதலில் அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க தம்பி. ‘பழைய டிவி, பழைய மிக்ஸி, ஓடாத ஃபேன், உடைந்த கிரைண்டர்’ என்று ஒரு பெண்பிள்ளை தெரு முழுக்க மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தால் நான் பேசுவது உங்கள் காதில் எப்படி ஏறும்? நிறுத்திட்டீங்களா? நல்லது. பேர் என்ன சொன்னீங்க? லூர்து. சரி லூர்து தம்பி, குட்டியானை வண்டியை அந்த டிரான்ஸ்பார்மர் ஓரமாக ஒதுக்கிப் போட்டுவிட்டு மேலே வாங்க. செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுருங்க. ஆமாம், அங்கேதான். கழற்றிட்டீங்களா? அப்பாடா. கிழவன் எதற்கு நம்ம காலையே பார்க்கிறான் என்று நினைக்காதீங்க. காரணம் இருக்கிறது, வரும்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்க. விலைப்பேச்சே கிடையாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான், சாயங்காலத்துக்குள் இந்த முன்னறை காலியாக வேண்டும். என் வீட்டுக்காரி வரப்போகிறாள். அறை காலியானால்தான் இந்த வீட்டுப் படி ஏறுவேன் என்று சொல்லிவிட்டு ராஜபாளையத்தில் தங்கச்சி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறவள். நேற்று அவளே வந்து பார்த்துவிட்டும் போய்விட்டாள். அதனால்தான் காலையில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஓடி வந்தேன். இல்லாவிட்டால் இந்த வயசில் எனக்கு ஓட்டம் எதற்கு?

ஆனால் ஒன்று. தூக்குவதற்கு முன்னால் எது எது யாருடையது என்று நான் சொல்ல வேண்டும், நீங்க கேட்க வேண்டும். இதில் அநேகமாக எதுவும் என்னுடையது இல்லை. ஊர்க்காரர்கள் ரிப்பேருக்குக் கொடுத்தது. கொடுத்தவர்களில் பலபேர் செத்துப் போய்விட்டார்கள். நாளைக்கு உங்கள் கடை வாசலில் ஒருத்தர் வந்து நின்று ‘ஆச்சா?’ என்று கேட்டால், நீங்க பதறிப்போய் பங்குச்சாமியாரைத் தேடி ஓடக்கூடாது பாருங்க. அதற்காகச் சொல்றேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. சிரித்துக்கொண்டே கேட்கிறவனுக்குத்தான் கதை நன்றாகப் பிடிபடும்.

இந்தச் சங்கரன்கோவிலில் என்னைக் கரண்டு பரமகுரு என்றால்தான் தெரியும். கரண்டு ஆபீசில் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்டதில்லை, நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை. வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று அட்டையில் குறித்துவிட்டு வருகிற வேலை. ‘அவ்வளவுதானா’ என்று நினைக்கிறீங்க. காலமெல்லாம் வைத்தியர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியாமலா போகும்? மீட்டர் சுற்றுகிற சுற்றைப் பார்த்தே உள்ளே என்ன ஓடுகிறது, எது சாகக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மீட்டர் பார்க்கப் போகிற இடத்தில், “அண்ணாச்சி, இந்த ரேடியோ கரகரங்கு, என்னன்னு பாருங்களேன்” என்பார்கள். வாங்கிக் காதோரம் வைத்து ஒரு தட்டு தட்டுவேன். பாதி ரேடியோ அதிலேயே பாடிவிடும். பாடாததை, “குடுங்க, வீட்டுல வச்சுப் பாக்கேன்” என்று கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அப்படிச் சேர்ந்ததுதான் இவ்வளவும். ரிட்டயர் ஆன பிறகு அவர்களே தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒருத்தரிடமும் முடியாது என்று சொன்னதில்லை தம்பி. முடியாது என்கிற சொல்லே என் வாயில் வராது. அது என் சுபாவம்.

அதோ, மூலையில் துணி போட்டு மூடியிருக்கிறதே டிவி, அது எஸ்தர் டீச்சருடையது. துணியை எடுக்காதீங்க, அப்படியே தூக்கிக்கோங்க. அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன், நாலைந்து திருகாணி கையில் மிச்சம். கம்பெனிக்காரன் தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். டிவி ஓடியது. ஓடாமல் என்ன, ஆனால் மறுநாள் சேதியை அல்லவா இன்றைக்கே வாசித்தது! பொய் இல்லை. நாளைக்கு மழை என்று சொல்வது எல்லா டிவியும் சொல்லும். இது, ‘நேற்று சங்கரன்கோவிலில் பெய்த மழையில் பஸ் ஸ்டாண்டு சுவர் இடிந்தது’ என்று சொன்னது. வெளியே வந்து பார்க்கிறேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது. மறுநாள் பார்த்தால் மழை, சுவர் கீழே கிடக்கிறது. இன்னொரு நாள் சாயங்காலம், சேதி வாசிக்கிற பெண் வாசித்துக்கொண்டே வந்தவள் தாளைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நாளைச் சேதி நமக்கு எதற்கு? அதற்குப் பிறகு அது ஓடவில்லை, நானும் ஓட்டவில்லை.

சரி, அது கிடக்கட்டும். தங்கப்பழத்தின் கதைக்கு வருவோம். செத்தவர்களில் முதலில் வந்தது அவர்தான்.

தங்கப்பழம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். அந்த மரப்பெட்டி ரேடியோ அவருடையது. தினமும் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் இங்கே ஏறுவார். கேட்டைத் திறக்கும்போதே செருப்பை உதறிவிட்டு நேராக என் வீட்டுக்காரி நிற்கிற அடுப்படி வாசலுக்குப் போய், “மைனி, மோர் இருக்கா?” என்பார். குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “ஆச்சா அண்ணாச்சி?” “நாளைக்கு.” “நீங்க நாளைக்குன்னு சொல்லுத அந்த நாளு எந்தக் காலண்டர்ல வே இருக்கு?” என்று திட்டிவிட்டுப் போவார். மறுநாளும் வருவார். ஒருநாள் பாய்லர் முன்னாலேயே சாய்ந்துவிட்டார். நல்ல சாவு.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் வந்தார்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் கிளப்பிவிட்டானோ, அவன் பேயைப் பார்த்ததே இல்லை. உச்சி வெயிலில்தான் வருகிறார்கள். இருட்டில் அவர்களுக்கும் வழி தெரியாது போல. நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வருகிறேன், படிக்குக் கீழே தங்கப்பழம் நிற்கிறார். காலில் செருப்பு. கழற்றவில்லை, படி ஏறவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆச்சா?” என்றார். அவ்வளவுதான், அண்ணாச்சி இல்லை. செத்தால் முதலில் மறந்துபோவது உறவுமுறைதான் தம்பி. நான் பழக்கதோஷத்தில் “நாளைக்கு” என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், தலையை ஆட்டினார், திரும்பிப் போய்விட்டார். தெருவில் நடுவழியில் படுத்திருந்த நாய் எழுந்து அவருக்கு வழிவிட்டு, அவர் போனதும் அதே இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

எனக்கு முதலில் கொஞ்சம் உதறல்தான். மறுவாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அப்புறம் என்ன உதறல்? பழகிவிட்டது.

பிறகு எஸ்தர் டீச்சர். குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். குடைக்கு நிழல் விழுந்தது, டீச்சருக்கு விழவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் டீச்சர் ரொம்பக் கறார். “பரமகுரு, நீங்க பொய் சொல்றீங்க. உங்களுக்கு டிவியைப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்று இந்த இடத்திலேயே நின்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். செத்த பிறகு அந்தக் கறார் எல்லாம் போய்விட்டது. “ஆச்சா?” என்றார்கள். “நாளைக்கு டீச்சர்.” சரி என்று குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். செத்தவர்களைப்போல நல்ல வாடிக்கைக்காரர்கள் கிடைக்கமாட்டார்கள் தம்பி. சொன்னதை நம்புகிறார்கள். உள்ளே வாங்க, தண்ணீர் குடிங்க என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அது ஒன்றுதான் குறை.

சவுண்டு சர்வீஸ் மாடசாமியும் வந்தார். மைக்கு வைக்காமலே நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. செத்து வந்து நின்றபோது உதடு அசைவதை வைத்துத்தான் ‘ஆச்சா’ என்று தெரிந்தது. அவருடைய ஆம்ப்ளிஃபயர்தான் அப்போது இந்த அறையிலேயே பெரிய சாமான். பெட்டி பெட்டியாக வெகுநாள் கிடந்தது. ஒருநாள் அவர் மகன் வந்தான். “மாமா, அப்பாவோட பெட்டியைத் தாங்க, ஓடாட்டியும் பரவால்ல, வீட்டுல இருக்கட்டும்” என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதோடு மாடசாமி வருவது நின்றுவிட்டது. முதலில் எனக்கு நிம்மதி. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, அவர் வருகிற நாள், சாப்பிட்டுவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். வெயில் இறங்கும் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சாமான் கைக்குப் போய்விட்டால் அவர்களுக்கு நம்மிடம் ஒரு வேலையும் இல்லை பார்த்தீங்களா? மனுஷர்கள்தான் அப்படி என்று நினைத்தேன். பேயும் அப்படித்தான்.

உலகம்மாள் இவர்கள் யாரையும் பார்த்ததில்லை. உலகம்மாள் யார் என்கிறீங்களா? என் வீட்டுக்காரி. நான் உலகு என்று கூப்பிடுவேன். அவள் என்னை ‘இங்கேருங்க’ என்பாள். அந்த ‘ருங்க’வை இழுக்கிற இழுப்பில் கோபமா, குழம்பு கொதித்துவிட்டதா, ஆள் வந்திருக்கிறதா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

“இங்கேருங்க, யார்கிட்டப் பேசுதீங்க?”

“தங்கப்பழம் வந்துட்டுப் போறாரு.”

கரண்டியோடு வந்து வாசலை எட்டிப் பார்ப்பாள். “என்ன கேக்காரு?”

“ரேடியோ ஆச்சான்னு கேட்டாரு. நாளைக்குன்னேன்.”

“செத்தவனுக்கும் அதே பதிலா?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளுக்குப் பொறாமை. ஊரில் எனக்கு இருக்கிற மதிப்பு செத்த பிறகும் ஆட்களை இழுத்துக்கொண்டு வருகிறதே என்று.

இதை எல்லாம் காயலான்கடைக்குப் போட வேண்டும் என்று அவள் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆயுத பூசைக்கு வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானுக்கும் அவள் சந்தனம் குங்குமம் வைப்பாள். எங்கள் வீட்டில் ஓடுகிற சாமான் குறைவு. ஆகையால் ஓடாததற்கும் சேர்த்து வைத்துவிடுவாள். “நம்மது இல்லாட்டி என்ன, நம்ம வீட்டுலதான இருக்கு? பாவம்” என்பாள். அப்புறம் போகிக்கு முன்னால் வந்து, “இதையெல்லாம் வெளிய போடுங்க” என்பாள். நான் விடுவேனா? “பொட்டு வச்ச சாமானை இரும்புக்குப் போடலாமா? நீ வச்ச பொட்டுதானேட்டீ?” என்பேன். வந்த வழியே திரும்பிவிடுவாள். அடுத்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைக்கும்போது என்னை முறைத்துக்கொண்டே வைப்பாள். ஆனால் வைக்காமல் இருக்க அவளால் முடியாது. அதுதான் என் பலம். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் இதை மனசில் வைத்துக்கோங்க.

அப்புறம் அந்த மிக்ஸி. இதோ, இந்தத் தாம்பாளத்தில் கிடக்கிறதே, இது ஒன்றுதான் எங்கள் சாமான். உலகுவுடையது. ஒருநாள் பொரிகடலைச் சட்னி அரைக்கையில் புகை விட்டு நின்றுபோயிற்று. “நான் கடையில குடுத்துப் பாத்துக்கிடுதேன்” என்று பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் இருக்கும்போது என் வீட்டு மிக்ஸி கடைக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? வாசலிலேயே மறித்துப் பிடுங்கிக்கொண்டேன். அன்றைக்கே பேப்பரை விரித்துக் கழற்றினேன். கழற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு திருகாணி சிதறாது. தாம்பாளத்தில் அழகாக எடுத்து வைத்தேன். உலகு வந்து பார்த்தாள். கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவ ஆரம்பித்தாள்.

அவளிடம் ஒரு விசேஷம் சொல்றேன். ஊரில் அத்தனை பேரும் ‘ஆச்சா ஆச்சா’ என்று என் உயிரை வாங்குவார்கள். செத்தவர்கள்கூட விடுவதில்லை. உலகு மட்டும் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. அம்மியில் அரைப்பாள். நடுநடுவே நிமிர்ந்து மூச்சு வாங்குவாள். மறுபடி குனிந்து அரைப்பாள். நானே வலியப் போய், “நாளைக்கு முடிச்சிருதேன்” என்றால், “நான் கேக்கலியே” என்பாள். என்ன திமிர் பாருங்க.

மூச்சு இரைப்பு என்றாள். பெரிய டாக்டரிடம் போய் வந்தாள். தூசி ஆகாது என்றாராம். டாக்டருக்கென்ன, தூசி ஆகும் என்றா சொல்வார்? இந்த அறையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவாள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எத்தனை பெரிய மனுஷர்களின் சாமான் இது! “தூசிக்கா மூக்கைப் பொத்துத, எனக்கா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். ஆவணியில் தங்கச்சி செண்பகம் வந்து கூப்பிட்டாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். படி இறங்கி நின்று, “இங்கேருங்க, இந்த அறை காலியானதும் சொல்லி அனுப்புங்க, வாரேன். அதுவரைக்கும் செண்பகம் வீட்டுல மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள். எப்படிக் குத்திக் காட்டுகிறாள் பார்த்தீங்களா?

போன் பண்ணிப் பேசக்கூடாதா என்று நினைக்கிறீங்க. என் செல்போனில் ஒரு பட்டன் அமுங்காமல் இருந்தது. நானே திறந்தேன். அந்த டிபன் பாக்சில் இருக்கிறது பாருங்க. அதையும் எடுத்துக்கோங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு செண்பகம் போன் போட்டு, “அத்தானை ஒரு எட்டு வந்து அக்காவைப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க” என்றாளாம். அப்புறம் இன்னொரு தரமும் போட்டாளாம், “இந்த வாரத்துக்குள்ள வரச் சொல்லுங்க” என்று. எனக்கா தெரியாது? அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து போடுகிற திட்டம். நான் போய் நின்றால் தோற்ற மாதிரி ஆகிவிடும். அவள் வரட்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரரும் பிள்ளையைப் பார்க்க மெட்ராஸ் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆகையால் தொந்தரவு இல்லை.

ஆனால் இந்தத் தடவை ஆயுத பூசை வந்ததா? அன்றைக்குத்தான் எனக்கு வீடு வீடாக இல்லை. பூக்காரி கொடுத்துவிட்டுப் போன பூ அப்படியே இருந்தது. சந்தனக் கிண்ணத்தைத் தேடினேன், எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு சாமானுக்கும் பொட்டு இல்லை. வெறும் நெற்றியோடு எல்லாம் என்னைப் பார்த்தபடி இருந்தன. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பளிச்சென்று பட்டது. பொட்டு வைத்ததைத்தானே இரும்புக்குப் போடக்கூடாது? இப்போது பொட்டு இல்லையே! தடை நீங்கிவிட்டது. போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். தோற்றதாகவும் ஆகாது. எப்படி யோசனை?

ஆனாலும் அடுத்தவர் சாமான். ஆட்சேபணை கேட்க வேண்டாமா? ஆபீசில் ஒரு கம்பம் நடுவதற்கே கேட்பார்கள். நேற்று உச்சிப்பொழுதில், அவர்கள் வருகிற நேரம் பார்த்து, இந்தப் படியில் நின்று கையை வாயில் குவித்துச் சத்தமாகச் சொன்னேன்: “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இந்த வீட்டில் உள்ள ரிப்பேர் சாமான்கள் எல்லாம் இரும்புக்குப் போடப்படும்! ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம்!” எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தால் எனக்கென்ன?

தங்கப்பழம் வரவில்லை. டீச்சரும் வரவில்லை. நாலு பேர் வந்து வரிசையில் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. வெயில் மட்டும் தெருவில் நின்றுகொண்டிருந்தது. சரி, ஆட்சேபணை இல்லை என்று உள்ளே திரும்பப் போனேன்.

கேட் சத்தம் கேட்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் அங்கே உலகு நிற்கிறாள்!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரக்குச் சேலை. பையில்லை, ஒன்றுமில்லை. கொஞ்சம் மெலிந்திருந்தாள். ஆனால் முகம் தெளிவு. அதைவிட ஒன்று சொல்றேன் கேளுங்க, மூச்சு இரைக்கவில்லை! அவ்வளவு வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தவளுக்கு ஒரு இரைப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. நான் சொன்னேனா இல்லையா, தூசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று!

“ஆச்சா?” என்றாள்.

ஆமாம் தம்பி, கேட்டாள்! இத்தனை காலமும் கேட்காதவள். நான் இறங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் அவளும் இறங்கிவிட்டாள். புருஷன் பெண்டாட்டி என்றால் அதுதான். “மிக்ஸியா? நாளைக்கு ஆயிரும் உலகு. அறையும் நாளைக்குக் காலி. சொல்லிக்கிட்டே இருக்கேன், நீ வந்து நிக்க. உள்ள வா, வெயில்ல வந்திருக்க, மோர் குடி” என்றேன். தலையை ஆட்டினாள். சிரித்த மாதிரி இருந்தது. திரும்பி நடந்தாள். நான் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே தெருமுக்கு வரை ஓடினேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டாள் போல. அதனால் என்ன? பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். இன்றைக்குத் துணிப்பையோடு வருவாள். நீங்க சீக்கிரம் ஏற்றினால் நான் அறையைக் கழுவி விட்டுவிடுவேன்.

என்ன தம்பி, தூக்கின ரேடியோவோடு அப்படியே நிற்கிறீங்க? கனக்கிறதா?

என்ன கேட்டீங்க? சத்தமாகக் கேளுங்க.

செருப்பா?

அவள் செருப்பு...

படிக்குக் கீழேதான் நின்றாள். போட்டுக்கொண்டுதான் நின்றாள். அவசரம் தம்பி. மறு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அல்லவா? ஒரு நிமிஷத்துக்காகக் கழற்றி மாட்டுவார்களா?

மோரா? குடிக்கவில்லை என்றுதான் சொன்னேனே. வயிற்றுக்கு ஒத்துக்கொண்டிருக்காது.

இல்லை. கூப்பிடவில்லை. ‘இங்கேருங்க’ என்று... இல்லை. ‘ஆச்சா’ என்றுதான். அது ஒன்றுதான்.

நீங்க ரேடியோவைக் கொண்டுபோய் வண்டியில் வைங்க. போங்க. எதற்கு என்னையே பார்க்கிறீங்க? பழைய சாமான் எடுக்க வந்தீங்களா, விசாரிக்க வந்தீங்களா? டீச்சர் டிவியை எடுங்க. அந்த டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி, அந்த மூட்டை, எல்லாவற்றையும் எடுங்க. உங்கள் வாசலுக்கு அவர்கள் வந்தால் மரியாதையாகப் பேசுங்க. நாளைக்கு என்று மட்டும் சொல்லாதீங்க. ‘பரமகுருவால் முடியவில்லையாம்’ என்று சொல்லிவிடுங்க. ஆமாம், அப்படியேதான் சொல்லணும். முடியவில்லை.

கொஞ்சம் நகருங்க. முக்கில் ஒரு கார் நிற்கிறதே, யார் அது இறங்குவது? உங்களுக்குக் கண் நன்றாகத் தெரியும், பாருங்க. வெள்ளைச் சட்டை, வழுக்கையா? அது செண்பகத்தின் வீட்டுக்காரர். என் சகலை. அவர் எதற்கு ராஜபாளையத்திலிருந்து இவ்வளவு காலையில்? கையில் என்ன வைத்திருக்கிறார்? நன்றாகப் பாருங்க தம்பி. பழம் வைத்திருக்கிறாரா? பூ? எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சீப்புப் பழமாவது இல்லாமல் போகமாட்டார் அந்த மனுஷர்.

வெறுங்கையா?

சரி.

மெதுவாகத்தான் வருகிறார். வரட்டும். அவர் வந்து சேர்ந்தால்தானே சொல்லப்போகிறார்.

ஐயோ, அதை ஏன் எடுக்கிறீங்க? வைங்க. அந்தத் தாம்பாளத்தை வைங்க என்கிறேன். எல்லாம் போகட்டும், அது போகக்கூடாது. ஒரு திருகாணி சிந்தாமல் அப்படியே கீழே வைங்க. இந்தாங்க, இந்தத் திருப்புளியை நீங்க கொண்டுபோங்க. இந்தக் கொறடு, இதையும் வைத்துக்கோங்க. எனக்கு இனிமேல் வேண்டாம்.

ரிப்பேர் பண்ணவா? இவ்வளவு நேரம் நான் சொன்னதை நீங்க என்னத்தைக் கேட்டீங்க? அது ஓடிவிட்டால், அப்புறம் இந்த வாசலில் அவளுக்கு என்ன வேலை?